வாழ்த்து அட்டை வரைபவர்க்குச் சந்தை எங்கே?



நம் ஆத்தூர்க் கடைவீதிக்கு இப்போது ஒரு புதிய வகை விற்பனையாளர் வந்து போகிறார். கல்லூரி முடித்த பெண்ணாக இருப்பார், அல்லது வீட்டில் இருந்தபடி வருமானம் தேடும் குடும்பத் தலைவியாக இருப்பார். கையிலிருக்கும் பையில் தாமே வரைந்து, வெட்டி, ஒட்டிச் செய்த வாழ்த்து அட்டைகள் பத்துப் பன்னிரண்டு இருக்கும். "ஐயா, இதைக் கடையில் வைத்துக்கொள்வீர்களா?" என்று கேட்பார். "இப்போது யாரம்மா வாழ்த்து அட்டை வாங்குகிறார்கள்?" என்று நாம் பதில் சொல்லி அனுப்பிவிடுகிறோம்.

அந்தப் பதில் பாதிதான் சரி. அட்டை வாங்கி அஞ்சலில் அனுப்புவோர் மிகக் குறைந்துவிட்டனர் என்பது உண்மை. ஆனால் பரிசோடு சேர்த்துக் கையில் கொடுக்க அட்டை தேடுவோர் நம் கடைகளுக்கு இன்றும் வருகிறார்கள். இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால், செய்பவருக்கும் விற்பவருக்கும் வழி பிறக்கும். இரு தரப்புக்கும் பயன்படும் என்ற எண்ணத்தில், நமக்கு வியாபாரத்தில் தெரிந்தவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

முன்பு நடந்த வியாபாரம்

அச்சிட்டு விற்கப்பட்ட முதல் கிறிஸ்துமஸ் அட்டை 1843-ஆம் ஆண்டு லண்டனில் வெளிவந்தது. ஹென்றி கோல் என்பவர் ஹார்ஸ்லி என்ற ஓவியரிடம் படம் வரையச் சொல்லி அச்சிட்டார். அமெரிக்காவில் லூயி பிராங் என்ற அச்சக அதிபர் 1880-ஆம் ஆண்டு முதல் பரிசுப் போட்டி நடத்தியே அட்டைகளுக்குப் படங்களைத் திரட்டினார். எனவே ஓவியர் ஒருவர், அச்சிட்டு விற்பவர் வேறொருவர் என்பது இத்தொழில் பிறந்த நாளிலிருந்தே உள்ள ஏற்பாடுதான்.

நம் நாட்டில் அந்த ஏற்பாட்டுக்குத் தலைநகரம் சிவகாசி. கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராஜு (1898–1976) அவர்களும் அவருடைய சீடர்களும் வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசி அச்சகங்களின் வழியே காலண்டராக நாடெங்கும் சென்றன. பொங்கல் வாழ்த்து அட்டைகளும் அதே அச்சகங்களில் இருந்துதான் நமக்கு வந்தன. கரும்பும் பானையும், ஏர் உழும் உழவர், ரோஜாப் பூ, குழந்தை முகம், திரைப்பட நடிகர்கள் என்று எத்தனையோ ரகம்!

1980களிலும் 1990களிலும் இவ்வியாபாரம் நடந்த முறையை மூத்த உறுப்பினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மழைக்காலத்துக்கு முன்பே ஏஜெண்டுகள் மாதிரி ஆல்பத்துடன் வருவார்கள். ரகம் பார்த்து நாம் டஜன் கணக்கிலும் குரோஸ் கணக்கிலும் ஆர்டர் கொடுப்போம். கார்த்திகை மாதத்தில் லாரி பார்சலில் சரக்கு வந்துவிடும். மார்கழி பிறந்தால் ஸ்டேஷனரி கடை, பேன்சி ஸ்டோர், பெட்டிக்கடை எங்கும் நூல் கட்டி அட்டைகளைத் தொங்கவிடுவார்கள். பள்ளிப் பிள்ளைகள் நின்று நின்று தேர்ந்தெடுப்பார்கள். உறையை ஒட்டாமல் செருகி, புக் போஸ்ட் தபால்தலை ஒட்டி அனுப்புவார்கள். ஏறக்குறைய ஒரு மாதம்தான் சீசன். பொங்கல் முடிந்த மறுநாள் மீந்த அட்டைக்கு விலை கிடையாது. கட்டி வைத்து அடுத்த ஆண்டு எடுத்தால் ஓரம் பழுத்திருக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வரைந்த ஓவியர் கடை கடையாக ஏறி இறங்கவில்லை. அச்சகம், ஏஜெண்டு, மொத்த வியாபாரி, சில்லறைக் கடை என்ற சங்கிலிதான் அவர் படத்தைக் கிராமம் வரை கொண்டு சேர்த்தது. 2000க்குப் பிறகு கைப்பேசியில் வாழ்த்து அனுப்பும் பழக்கம் பரவியதும் அஞ்சல் வழி வாழ்த்து குறைந்தது. வாழ்த்துத் தந்தியும் போனது. 2013 ஜூலையில் தந்திச் சேவையே நிறுத்தப்பட்டது. அட்டையோடு சேர்ந்து அந்தச் சங்கிலியும் அறுந்துபோயிற்று. இன்று கையால் அட்டை செய்பவர் தடுமாறுவதற்குப் பெரிய காரணம் இதுவே. அவருக்குத் திறமை இருக்கிறது, சரக்கும் இருக்கிறது. கொண்டு சேர்க்க ஆளில்லை.

அட்டை எதனுடன் விலை போகும்?

இன்று அட்டை தனியாக விலை போவது அரிது. இன்னொரு பொருளோடு அல்லது ஒரு விசேஷத்தோடு சேர்ந்துதான் போகிறது. ஆகவே, "அட்டை விற்கும் கடை எது?" என்று தேடுவதைவிட, "பரிசு வாங்க மக்கள் எங்கே போகிறார்கள்?" என்று தேடுவதே சரியான வழி. நம் பகுதியில் கண்ணுக்குத் தெரியும் இடங்களை வரிசையாகச் சொல்கிறோம்.

முதலாவது, பேக்கரியும் இனிப்புக் கடையும். பிறந்த நாள் கேக் வாங்க வருபவர் மெழுகுவத்தி, பலூன் எல்லாம் அங்கேயே வாங்கிக்கொள்கிறார். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஸ்டாண்டில் இருபது அட்டைகள் இருந்தால் அதையும் எடுப்பார். எண்ணெய்ப் பிசுக்கு படாமல் இருக்க அட்டையைக் கண்ணாடித் தாள் உறையில் போட்டுத் தர வேண்டும்.

இரண்டாவது, பேன்சி ஸ்டோரும் பரிசுப் பொருள் கடையும். இங்கே பெரிய அட்டையைவிடப் பரிசின் மேல் கட்டும் சிறிய பெயர் அட்டைக்குத் தேவை அதிகம். பத்து அட்டை கொண்ட ஒரு கட்டாகத் தருவது நல்லது.

மூன்றாவது, மொய் கவர். இதை அட்டை செய்பவர்கள் பெரும்பாலும் நினைத்துப் பார்ப்பதில்லை. ஒரு ரூபாய் நாணயம் பதித்த கவர் இல்லாமல் நம் ஊரில் கல்யாணம் ஏது? சாதாரண கவர் மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் நெருங்கிய சொந்தக்காரர் ஆயிரம், ஐயாயிரம் வைத்துக் கொடுக்கும்போது, கையால் கோலம் வரைந்து மணமக்கள் பெயர் எழுதிய கவருக்கு இருபது முப்பது ரூபாய் கொடுக்கத் தயங்குவதில்லை. இதற்குச் சீசனும் நீளமானது. முகூர்த்த மாதங்கள் எல்லாமே சீசன்தான்.

நான்காவது, பத்திரிகை அடிக்கும் அச்சகங்கள். திருமண அழைப்பிதழ் வியாபாரம் வாழ்த்து அட்டையைப் போல விழுந்துவிடவில்லை. காதணி விழா, மஞ்சள் நீராட்டு விழா, புதுமனை புகுவிழா எல்லாவற்றுக்கும் நேரில் பத்திரிகை வைத்து அழைப்பதே நம் வழக்கம். ஆல்பத்தில் உள்ள வழக்கமான படம் வேண்டாம், எங்கள் குலதெய்வக் கோயிலையே வரைந்து போடுங்கள் என்று கேட்கும் வாடிக்கையாளருக்கு அச்சகத்தாரால் உடனே செய்து தர முடியாது. ஒரு ஓவியர் கைவசம் இருந்தால் முடியும். ஓவியர் அச்சகத்தாரிடம் விற்க வேண்டியது அட்டையை அல்ல, தம் கைத்திறனை. ஒரு படத்துக்கு இன்ன தொகை என்று பேசிக்கொள்ளலாம்.

ஐந்தாவது, நிறுவன ஆர்டர். நம் பகுதிக்கே உரிய பெரிய வாய்ப்பு இதுதான் என்பது நம் கருத்து. ஆத்தூர் வட்டாரத்தில் தயாராகும் ஜவ்வரிசிக்கு மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம் போன்ற மாநிலங்களே முக்கியச் சந்தை. விரத நாள்களில் அங்கே ஜவ்வரிசிப் பண்டம்தான் உணவு. குஜராத்தி வியாபாரிகள் தீபாவளியை ஒட்டிப் புதுக் கணக்கு எழுதுகிறார்கள். அந்த வேளையில் இங்கிருந்து போகும் ஒரு வாழ்த்து அட்டையில் கல்வராயன் மலையோ, மரவள்ளிக் காடோ, வசிஷ்ட நதிக்கரையோ கையால் வரையப்பட்டிருந்தால் அதை அவர் மேசையில் வைத்துக்கொள்வார். கைப்பேசியில் வரும் படத்தை அழித்துவிடுவார். நாமக்கல் கோழிப் பண்ணையாளர்கள், லாரி உரிமையாளர்கள், திருச்செங்கோடு ரிக் வண்டிக்காரர்கள் ஆகியோருக்கும் வாடிக்கையாளர்கள் வெளி மாநிலங்களில் உண்டு. ஆயுத பூஜை, தீபாவளி, புத்தாண்டு, பொங்கல் என்று நான்கு சந்தர்ப்பங்கள் உள்ளன. ஒரு நிறுவனம் நூறு அட்டை எடுத்தாலும் அது சில்லறையில் பல வாரம் விற்பதற்குச் சமம். தொகையும் மொத்தமாகக் கிடைக்கும்.

ஆறாவது, சுற்றுலா இடங்கள். ஏற்காட்டுக்கு வருபவர் நினைவாக ஒரு பொருள் வாங்கிப் போக விரும்புவார். நமக்கு அருகிலுள்ள தம்மம்பட்டி மரச் சிற்பம் புவிசார் குறியீடு பெற்றது. அந்தச் சிற்ப உருவங்களைக் கோட்டோவியமாக வரைந்த அட்டை, சிற்பம் விற்கும் கடையிலேயே பக்கத்தில் வைக்கத் தக்கது. தமிழக அரசின் பூம்புகார் விற்பனை நிலையங்களையும், மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கான கண்காட்சிகளையும் அணுகிப் பார்க்கலாம். கண்காட்சியில் விற்பனையைவிட முக்கியம், வருகிறவர் எந்த அட்டையை முதலில் கையில் எடுக்கிறார் என்று பார்ப்பது.

ஏழாவது, தொண்டு நிறுவனங்கள். 1949-ஆம் ஆண்டு யுனிசெப் வெளியிட்ட முதல் வாழ்த்து அட்டையில் இருந்தது செக்கோஸ்லோவாக்கியாவைச் சேர்ந்த ஏழு வயதுச் சிறுமி தீட்டிய படம். நம் நாட்டில் 1979-இல் ரிப்பன் கபூர் தொடங்கிய கிரை அமைப்பும் அட்டை விற்றே நிதி திரட்டி வளர்ந்தது. அட்டை வாங்குகிறவர் ஒரு நல்ல காரியத்துக்கு உதவுகிறோம் என்ற மனநிறைவையும் சேர்த்து வாங்குகிறார். உள்ளூரிலும் அரிமா, ரோட்டரி சங்கங்கள், பள்ளிகளின் முன்னாள் மாணவர் மன்றங்கள் ஆகியவற்றோடு சேர்ந்து இதைச் செய்ய முடியும்.

எட்டாவது, வெளிநாடு வாழ் தமிழர். மலேசியா, சிங்கப்பூர், இலங்கை மட்டுமின்றிக் கனடாவிலும் பொங்கல் சிறப்பாகக் கொண்டாடப்படுகிறது. கனடா நாடாளுமன்றம் 2016-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றுக்கொண்டது. அங்கே வளரும் பிள்ளைகளுக்கு ஏர், களம், ஜல்லிக்கட்டு மாடு எல்லாம் படத்தில்தான் காட்ட வேண்டும். உறவினர் மூலம் ஐம்பது அட்டை அனுப்பிப் பார்த்துத் தொடங்கலாம்.

விலை போடும் முறை

நம்மிடம் வரும் பலருக்கு அட்டை செய்யத் தெரிகிறது. அடக்கம் கணக்கிடத் தெரியவில்லை. ஒரு மாதிரிக் கணக்குப் பார்ப்போம். கையால் செய்த ஓர் அட்டைக்கு அட்டைத்தாள் 5 ரூபாய், கவர் 3 ரூபாய், வண்ணமும் பசையும் 3 ரூபாய், கண்ணாடித் தாள் 1 ரூபாய்; ஆகப் பொருள் செலவு 12 ரூபாய். மணிக்கு 60 ரூபாய் கூலி என்று வைத்து, மணிக்கு ஆறு அட்டை செய்தால் கூலி 10 ரூபாய். சேதாரம், மாதிரி, போக்குவரத்துக்கு 3 ரூபாய். அடக்கம் 25 ரூபாய். லாபம் 5 ரூபாய் வைத்துக் கடைக்கு 30 ரூபாய்க்குக் கொடுக்கிறார். கடைக்காரர் 45 ரூபாய்க்கு விற்றால் அவருக்கு விற்பனை விலையில் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும். மெதுவாக நகரும் சரக்குக்கு அந்த அளவு கிடைத்தால்தான் கடைக்காரர் இடம் ஒதுக்குவார்.

கூலியைக் கணக்கில் சேர்க்காமல் 15 ரூபாய்க்குக் கொடுக்கிறேன் என்பவர் இரண்டு மாதம் தாங்குவார். மூன்றாம் மாதம் நிறுத்திவிடுவார். சரக்கு தொடர்ந்து வராத கடையில் வாடிக்கையாளர் நிற்க மாட்டார்.

இன்னொரு முக்கியமான செய்தி. கடையில் 45 ரூபாய்க்கு விற்கும் அட்டையைத் தம் வீட்டிலும் வாட்ஸ்அப்பிலும் 30 ரூபாய்க்கு விற்கக் கூடாது. விற்றால் கடைக்காரர் அன்றே கணக்கை முடித்துவிடுவார். நேரில் விற்பதும் கடை விலைக்கே விற்க வேண்டும். அந்த 15 ரூபாய், தாமே விற்பதற்கான கூலி.

அட்டை கடைக்கு வரும்போது உறையுடன் வர வேண்டும். உறை கடையில் கிடைக்கும் அளவாக இருப்பது நல்லது. பின்புறம் செய்தவர் பெயர், தொலைபேசி எண், விலை ஆகியவை அச்சிட்டிருக்க வேண்டும். ஒரு முறை வாங்கியவர் மறுமுறை தேடி வர அதுதான் வழி. நடிகர் படம், திரைப்பட வசனம், பிரபலமான கார்ட்டூன் உருவங்கள் ஆகியவற்றை அனுமதியின்றிப் பயன்படுத்துவதைத் தவிர்க்கவும். விற்கும் கடைக்காரருக்கும் அதனால் தொல்லை வரலாம்.

எழுத்தில் இருக்க வேண்டியவை

அச்சகத்துக்குப் படம் விற்பதில் இரண்டு முறைகள் உண்டு. ஒரே தொகையாக வாங்கிக்கொள்வது ஒன்று. விற்கும் அட்டைக்கு இவ்வளவு என்று பங்கு பெறுவது மற்றொன்று. உதாரணமாக, அச்சகத்தார் 12 ரூபாய்க்கு விற்கும் அட்டைக்கு 5 சதவீதம் என்றால் ஓவியருக்கு 60 பைசா. ஆயிரம் அட்டைக்கு 600 ரூபாய். ஒரே தொகையாக 1,500 ரூபாய் தருவதாகச் சொன்னால், 2,500 அட்டைக்கு மேல் விற்கும் படத்துக்குப் பங்கு முறை லாபம். அதற்குக் கீழே ஒரே தொகை லாபம். புதியவர்களுக்கு ஒரே தொகை பாதுகாப்பு. பெயர் எடுத்த பின் பங்கு கேட்கலாம்.

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தை இரு தரப்பும் ஓரளவு அறிந்திருக்க வேண்டும். தாமாக வரைந்த படத்துக்கு வரைந்தவரே முதல் உரிமையாளர். ஆனால் ஒருவர் பணம் கொடுத்துச் சொல்லி வரையவைத்த படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளராகிறார். உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கொடுப்பவர் கையொப்பத்துடன் இருந்தால்தான் செல்லும். எத்தனை ஆண்டுக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியா முழுவதற்கும் என்றும் சட்டம் கொள்ளும். ஒரு வெள்ளைத் தாளில் படத்தின் பெயர், எத்தனை ஆண்டு, என்ன தொகை, வேறு பொருளில் அச்சிடலாமா என்ற நான்கையும் எழுதிக்கொண்டாலே பாதித் தகராறு வராது.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம்? நமக்குத் தெரிந்த ஓர் இளைஞர் மாதிரிக்காகப் பன்னிரண்டு படங்களை ஓர் அச்சகத்தில் கொடுத்துவிட்டு வந்தார். பதில் இல்லை. அடுத்த ஆண்டு அதில் மூன்று படங்கள் காலண்டராகவே நம் கடைக்கு விற்பனைக்கு வந்தன. கையில் ஒரு ரசீதும் இல்லாததால் அவரால் ஒன்றும் செய்ய இயலவில்லை. மாதிரி கொடுக்கும்போது சிறிய அளவில் பிரதி எடுத்துக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குவது அவசியம்.

ஜி.எஸ்.டி. பற்றியும் கேட்கிறார்கள். தமிழ்நாட்டுக்குள் மட்டும் சரக்கு விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் வரை பதிவு தேவைப்படுவதில்லை. படம் வரைந்து கொடுப்பது போன்ற சேவைக்கு வரம்பு 20 லட்சம். ஆனால் வெளி மாநிலத்துக்குச் சரக்கு விற்பவரும், இணைய அங்காடிகள் மூலம் விற்பவரும் தொடங்கும் முன் ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அவற்றுக்கு விதி வேறு.

நம் பங்கு என்ன?

இதுவரை சொன்னது பெரும்பாலும் செய்பவருக்கு. இனி நமக்கு.

"வைத்துவிட்டுப் போ, விற்றால் பணம் தருகிறேன்" என்பது நம் வழக்கமான பேச்சு. நமக்கு அதில் நட்டம் இல்லை. ஆகவே அந்தச் சரக்கை விற்க வேண்டும் என்ற அக்கறையும் நமக்கு இருப்பதில்லை. அட்டை மூலையில் தூசி படியும். ஆறு மாதம் கழித்து வந்து கேட்டால் பாதி அழுக்காகத் திரும்பும். அந்தப் பெண்ணின் முதலே அந்த நூறு அட்டைதான். நாம் கடன் கொடுக்கும் நிலையில் இருக்கும்போது அவரிடம் நாம் கடன் வாங்குவது முறையாகுமா?

இரண்டு டஜன் அட்டை ரொக்கத்துக்கு வாங்குவது 720 ரூபாய் விஷயம். நம் கடையில் ஒரு நாள் டீச் செலவும் ஆள் செலவும் அதைவிட அதிகம். பணம் போட்டு வாங்கிய சரக்கை நாம் கண் மறைவில் வைக்க மாட்டோம். விற்காத ரகத்தை மாற்றித் தர வேண்டும் என்று மட்டும் பேசிக்கொள்ளலாம். எந்த ரகம் போயிற்று, எது நின்றது, வாடிக்கையாளர் என்ன கேட்டார் என்று மாதம் ஒரு முறை செய்பவரிடம் சொன்னால், அடுத்த சரக்கு தானாகவே நன்றாக இருக்கும். முன்பு ஏஜெண்டுகள் நம்மிடம் கேட்டுக்கொண்டு போய்ச் சிவகாசியில் சொன்னது இதைத்தான்.

பாக்கி விஷயத்தில் சட்டமும் இப்போது கடுமையாக இருக்கிறது. அட்டை செய்பவர் உத்யம் பதிவு செய்திருந்தால் குறுந்தொழில் முனைவோர் ஆகிறார். இந்தப் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, அவருக்கு எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளிலும், ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் கொடுத்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதக் கூட்டு வட்டி. 2023–24 கணக்கு ஆண்டு முதல், கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, கொடுக்கும் வரை வருமான வரிக்குச் செலவாகக் கழிக்கவும் இயலாது.

மொத்த வியாபாரிகளான நாம் ஒரு படி மேலே செய்யலாம். பத்துப் பேர் செய்யும் அட்டைகளை ஒரே ஆல்பமாகச் சேர்த்து, தலைவாசல், பெத்தநாயக்கன்பாளையம், கெங்கவல்லி, தம்மம்பட்டி வரை போகும் நம் விற்பனையாளர்கள் கையில் கொடுத்தனுப்பலாம். நோட்டு, பேனா, கவர் ஆர்டர் எடுக்கும் அதே நடையில் அட்டைக்கும் ஆர்டர் வரும். தனிச் செலவு இல்லை. அறுந்த சங்கிலியை மீண்டும் இணைப்பது இவ்வளவு எளிது.

காலக் கணக்கையும் நினைவில் கொள்ளவும். ஆடியில் மாதிரி தயாராக வேண்டும். ஆவணியில் நிறுவனங்களிடம் தீபாவளி ஆர்டர் பேச வேண்டும். புரட்டாசியில் பொங்கல் அட்டைக்கு ஆர்டர் முடிய வேண்டும். கார்த்திகைக்குள் சரக்கு கடைக்கு வர வேண்டும். மார்கழி பாதியில் அட்டையோடு வருபவரைத் திருப்பி அனுப்பினால் அது கடைக்காரர் குற்றமில்லை.

கவிஞர் என்று நாம் போற்றும் நாமக்கல் வெ. இராமலிங்கம் பிள்ளை அவர்கள் முதலில் ஓவியராகப் பெயர் பெற்றவர். இந்த மண்ணில் கைத்திறனுக்கு என்றும் பஞ்சமிருந்ததில்லை. அடுத்த முறை ஒருவர் பையில் அட்டைகளோடு படியேறி வந்தால், ஐந்து நிமிடம் உட்கார வைத்துப் பாருங்கள். நல்ல ரகமாக நான்கு தேர்ந்தெடுத்து, ரகத்துக்கு அரை டஜன் ரொக்கத்துக்கு வாங்கி, கல்லாவுக்குப் பக்கத்தில் கண்ணில் படும்படி வையுங்கள். எது விற்றது என்பதை நம் சங்கத்தின் அடுத்த மாதக் கூட்டத்தில் சொல்லுங்கள். மற்றவர்களுக்கும் அது பயன்படும்.